மூன்று எழுத்துச் செஞ்சி, பத்தொன்பது பைட்: வரி எடிட்டர் கட்டளைகளும் தமிழ் உரையும்

செஞ்சிக் கோட்டையை ஆண்டவர்கள் மாற மாற அதன் பெயரும் மாறியது. பீஜப்பூர் ஆட்சியில் பாதுஷாபாத். முகலாயர் பிடித்ததும் நுஸ்ரத்கட். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் வந்தபின் ஜிஞ்சி. ஆண்டவர்கள் போய்விட்டார்கள், பெயர்க் குழப்பம் மட்டும் தங்கிவிட்டது. விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கோட்டையூரைப் பற்றிக் கணினியில் ஏறியிருக்கும் தமிழ் உரைகளைத் திரட்டினால் ஒருவர் செஞ்சி என்கிறார், ஒருவர் ஜிஞ்சி என்கிறார், இன்னொருவர் ஜின்ஜி என்கிறார். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட இளைஞன் ஒரு பக்கத்தில் தேசிங்கு, அடுத்த பக்கத்தில் தேசிங், வேறொன்றில் தேஜ் சிங்.

இவற்றை ஒரே சீராக்கி ஒரு தொகுப்பு வெளியிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேர்டு போன்ற மென்பொருளில் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, தேடி, மாற்றி, சேமித்து மூடலாம். பத்துக் கோப்பு என்றால் ஒரு மாலைப்பொழுதில் முடியும். நானூறு என்றால்? அந்த இடத்தில்தான் அரை நூற்றாண்டுக்கு முன் பிறந்த ஒரு கருவி நினைவுக்கு வர வேண்டும். திரையில் பக்கத்தைக் காட்டாது, சுட்டி கிடையாது, மெனு கிடையாது. எத்தனையாவது வரியில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் செய்துவிட்டுப் பேசாமல் இருக்கும். அதுதான் வரி எடிட்டர்.

ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்ட இந்தக் கருவி தமிழுக்கு எவ்வளவு தூரம் வரும், எங்கே காலை வாரும், இன்னும் யாராவது இதைக் கற்க வேண்டுமா? கருவியின் வரலாறு ஆங்கிலத்தில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. தமிழ் உரையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் யாரும் பொறுமையாக எழுதிவைக்கவில்லை.

காகிதத்தில் பேசிய கணினி

1960களில் கணினியோடு பேசியவர்களின் முன்னால் திரை இல்லை. டெலிடைப் 33 போன்ற தட்டச்சுப் பொறிதான் இருந்தது. நொடிக்குப் பத்து எழுத்து என்ற வேகத்தில் காகிதச் சுருளில் கடகடவென்று அடிக்கும். அறுபது எழுத்து கொண்ட இருபத்துநான்கு வரிகளை ஒருமுறை அச்சடித்துப் பார்க்கவே இரண்டரை நிமிடம் ஆகும். ஆகவே முழுப் பக்கத்தையும் காட்டு என்று யாரும் கேட்கமாட்டார்கள். மூன்றாவது வரியை மட்டும் காட்டு, அதில் இந்தச் சொல்லை மாற்று, போதும்.

இந்தச் சூழலில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பட்லர் லாம்ப்சனும் பீட்டர் டாய்ச்சும் 1965-66 வாக்கில் கியூஇடி என்ற எடிட்டரை உருவாக்கினார்கள். கென் தாம்ப்சன் அதை வேறொரு கணினிக்கு மாற்றி எழுதியபோது புதிதாக ஒன்றைச் சேர்த்தார். நேரடிச் சொல்லை மட்டும் தேடாமல், 'இந்த வடிவத்தில் உள்ள எதுவானாலும்' என்று தேடும் வாய்பாடு அது. ரெகெக்ஸ் என்று இன்று நிரலாளர்கள் சொல்வது இதைத்தான். பிறகு 1969 கோடையில் பெல் ஆய்வகத்தில் அதே தாம்ப்சன் யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுத உட்கார்ந்தார். மனைவியும் குழந்தையும் ஊருக்குப் போயிருந்த அந்தச் சில வாரங்களில் இயங்குதளத்துக்கு ஒரு வாரம், கட்டளை ஓட்டிக்கு ஒரு வாரம், அசெம்பிளருக்கு ஒரு வாரம், எடிட்டருக்கு ஒரு வாரம் என்று பங்கு போட்டுக்கொண்டார். ஒரு வாரத்தில் பிறந்த அந்த எடிட்டரின் பெயர் எட்.

தவறாக எதைச் சொன்னாலும் எட் தரும் பதில் ஒரே ஒரு கேள்விக்குறி. என்ன தவறு, எங்கே தவறு, எதுவும் சொல்லாது. புதிதாக வருபவர்களுக்கு இது திமிராகத் தெரியும். நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும் பொறியில் நீண்ட பிழைச் செய்தி வந்தால் அதுவே தண்டனை என்பதை நினைத்தால் கோபம் தணியும். இன்றைய குனு எட்-இல் பெரிய எழுத்து ஹெச் என்று தட்டினால் காரணத்தையும் சொல்கிறது.

தமிழ்நாட்டிலும் வரியை அலகாகக் கொண்டு உரையைத் திருத்திய தலைமுறைகள் உண்டு. சென்னை ஐஐடியில் 1970களில் ஐபிஎம் 370 ஓடியபோது நிரல் என்பது துளையிட்ட அட்டைக் கட்டு. ஒரு வரிக்கு ஓர் அட்டை. வரியைத் திருத்த அட்டையை உருவி வேறு அட்டையைச் செருக வேண்டும். 1984இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. அவற்றின் பேசிக் மொழியில் ஒவ்வொரு வரிக்கும் 10, 20, 30 என்று எண் உண்டு. அதே எண்ணோடு மறுபடி தட்டினால் பழைய வரி போய்ப் புதியது வரும். எண்ணை மட்டும் தட்டினால் வரியே காணாமல் போகும். அப்போது படித்த பிள்ளைகள் வரி எடிட்டர் என்ற பெயரைக் கேள்விப்படாமலே அதைப் பழகிக்கொண்டார்கள். டாஸ் காலத்தில் எட்லின் என்ற வரி எடிட்டர் வந்தது. 1980இல் டிம் பேட்டர்சன் எழுதியது. அதைப் பற்றி இவ்வளவு போதும். அதை விரும்பிப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு.

ஆறு வரியில் செஞ்சி

கட்டளைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை ஒரு சிறிய கோப்பில் பார்த்துவிடலாம். இங்கே கட்டளைக்குரிய ஆங்கில எழுத்துகள் ஒலிப்படி தமிழில் தரப்பட்டுள்ளன. விசைப்பலகையில் அவற்றின் சிற்றெழுத்தைத் தட்ட வேண்டும். கோப்பில் உள்ளவை இந்த ஆறு வரிகள்:

செஞ்சிக் கோட்டை விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது.
ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளை மதில் இணைக்கிறது.
1677இல் சிவாஜி கைப்பற்றினார்.
1698இல் முகலாயர் வசமானது.
1751இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர்.
1761இல் ஆங்கிலேயர் வசமானது.

ஐந்தாம் வரியில் ஒரு பிழை இருக்கிறது. புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுப் படை ராத்திரியோடு ராத்திரியாகக் கோட்டையைப் பிடித்தது 1750இல். திருத்தக் கட்டளை: 5எஸ்/1751/1750/பி. முதலில் முகவரி, அதாவது ஐந்தாம் வரி. அடுத்து எஸ், மாற்று என்பதற்கு. இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே பழையது, அதற்கடுத்துப் புதியது. கடைசியில் வரும் பி, திருத்திய வரியை அச்சிட்டுக் காட்டு என்பதற்கு. எட்-இன் இலக்கணமே இவ்வளவுதான்: கதவு எண்ணைச் சொல், காரியத்தைச் சொல்.

முகவரியை எண்ணாகத்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. டாலர் குறி கடைசி வரி. புள்ளி என்றால் இப்போது நிற்கும் வரி. 3,5 என்றால் மூன்று முதல் ஐந்து வரை. /சிவாஜி/ என்றால் அந்தப் பெயர் அடுத்து வரும் வரி. வரி எண்ணை நினைவில் வைக்காமலே உள்ளடக்கத்தைச் சொல்லி இடத்தைச் சுட்டலாம் என்பதுதான் இதன் பலம். டி அழிக்கும், எம் இடம்மாற்றும், டீ நகலெடுக்கும்.

கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, 'இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். டாலர் குறியோடு ஏ என்று தட்டி, செய்தியை எழுதி, பிறகு ஒரு வரியில் புள்ளியை மட்டும் தனியாக வைக்க வேண்டும். அந்தத் தனிப் புள்ளி, 'எழுதி முடித்தேன், இனி வருவது கட்டளை' என்று எடிட்டருக்குச் சொல்வது. முதல்முறை எட்-ஐத் திறப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். புள்ளி வைக்க மறந்து, வெளியேறுவதற்கான கட்டளையைத் தட்டித் தட்டி, அதெல்லாம் கோப்பில் உரையாகச் சேர்ந்துகொண்டே போகும்.

இனி எட்-இன் மிக அழகான கட்டளை. காலவரிசையில் இருக்கும் இந்தக் கோப்பைத் தலைகீழாக்கி, 2025 மேலேயும் முதல் வரி கீழேயும் வரச் செய்ய வேண்டும். ஜி/^/எம்0 என்று ஆறே ஆறு தட்டு. ஜி என்றால் பொருந்தும் எல்லா வரியிலும். ^ என்பது வரியின் தொடக்கம். எல்லா வரிக்கும் தொடக்கம் உண்டு என்பதால் எல்லாமே பொருந்தும். எம்0 என்றால் அந்த வரியைக் கோப்பின் உச்சிக்குக் கொண்டுபோ. முதல் வரி உச்சிக்குப் போகிறது, இரண்டாவது அதற்கும் மேலே, மூன்றாவது அதற்கும் மேலே. வரிகளை நகர்த்திக்கொண்டே போனால் எடிட்டர் வழி தவறாதா என்று தோன்றும். தவறாது. ஜி முதலில் கோப்பு முழுவதும் ஓடிப் பொருந்தும் வரிகளுக்கெல்லாம் அடையாளம் வைத்துவிட்டு, இரண்டாவது சுற்றில்தான் வேலையைத் தொடங்குகிறது.

இதே ஜி-க்குப் பிறகு ஒரு தேடல் வாய்பாட்டையும் பி-யையும் வைத்தால் பொருந்தும் வரிகளை மட்டும் அச்சிடும். அந்தச் சேர்க்கையே பின்னால் கிரெப் என்ற தனி நிரலாயிற்று. பெயரும் கட்டளையிலிருந்தே வந்தது. அமெரிக்காவின் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் எதை யார் எழுதினார் என்று ஆராய முனைந்த லீ மக்மஹோனுக்கு, அந்த உரை எட்-க்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாக இருந்ததால் தாம்ப்சன் தேடும் பகுதியை மட்டும் பிரித்துக் கொடுத்தார் என்பது பிரையன் கெர்னிகன் சொல்லும் வரலாறு. பிறகு மக்மஹோனே திருத்தும் பகுதியையும் அதே போலப் பிரித்து செட் என்ற நிரலை எழுதினார். எட்-இல் ஆள் உட்கார்ந்து கட்டளை தட்ட வேண்டும். செட்-இல் கட்டளைகளை முன்பே எழுதிவைத்துவிட்டால் நானூறு கோப்பும் அதன் வழியே ஓடிவரும்.

தமிழ் வந்ததும் தடுமாற்றம்

எட்-இல் புதுக் கோப்பு திறந்து 'செஞ்சி' என்று ஒரே ஒரு சொல்லை எழுதி, டபிள்யூ தட்டிச் சேமித்தால், எத்தனை பைட் எழுதினேன் என்று அது ஓர் எண்ணைச் சொல்லும். பதில்: 19.

தமிழ் படித்த எவருக்கும் செ, ஞ், சி என்று மூன்று எழுத்து. யூனிகோடு அதை ச, கொம்பு, ஞ, புள்ளி, ச, இகரக் குறி என்று ஆறு குறியெண்களாக வைத்திருக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆறு மூன்று பதினெட்டு, வரி முடிவுக்கு ஒன்று, ஆகப் பத்தொன்பது. எட்-இல் எல் கட்டளையைக் கொடுத்தால் இந்தப் பைட்டுகளை எட்டடிமான (ஆக்டல்) எண்களாகவே கொட்டும்: ச-வுக்கு 340, 256, 232.

இந்தக் கணக்கு தெரியாமல் தமிழில் கட்டளை கொடுத்தால் என்ன ஆகும்? ரெகெக்ஸில் புள்ளி என்றால் ஏதேனும் ஓர் எழுத்து. யூனிகோடு அறிந்த செட்-இல் 'முதல் எழுத்தை நீக்கு' என்று சொன்னால் ஆங்கிலத்தில் முதல் எழுத்து போகும். செஞ்சியில் ச மட்டும் போய், கொம்பு ஆளில்லாமல் ஒரு புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும்.

அதைவிடச் சூழ்ச்சியான கேடு தேடலில் இருக்கிறது. செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் செட்டிக்குளம், சக்கரக்குளம் என்று குளங்கள் உண்டு. குளங்களைப் பற்றிய வரிகளையெல்லாம் எடுக்க 'குளம்' என்று கிரெப் செய்தால் 'குளத்தில்', 'குளத்தை', 'குளங்கள்' எதுவும் அகப்படாது. தமிழில் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும்போது உருவே மாறுகிறது. சரி, பொதுவான பகுதியான 'குள' என்று தேடலாமே? தேடினால் குளங்களோடு 'குளிர்காலம்' கூடவே வந்து நிற்கும். மனிதக் கண்ணுக்குக் குளிரில் 'ள' இல்லை, 'ளி'தான் இருக்கிறது. கணினியின் கணக்கில் ளி என்பது ள-வும் இகரக் குறியும். ஆகவே க, உகரக் குறி, ள என்ற மூன்றும் குளிரிலும் அப்படியே இருக்கின்றன. 'ள-வுக்குப் பிறகு துணைக்குறி எதுவும் வரக்கூடாது' என்று ஒரு நிபந்தனை சேர்த்தால், அதாவது குள[^ா-்] என்று எழுதினால், குளிர் விலகிவிடும். குளவி வரும், அதைக் கையால்தான் விரட்ட வேண்டும்.

ஊர்ப்பெயரைத் திருத்துவதிலும் கண்ணிகள் உண்டு. ஜிஞ்சியைச் செஞ்சி ஆக்குவது எளிது. 'ஜிஞ்சி' வேறெந்தத் தமிழ்ச் சொல்லிலும் நுழைவதில்லை. திசையை மாற்றிப் பாருங்கள். பழைய ஆவணத்தோடு ஒப்பிடுவதற்காகச் செஞ்சியை வேறு பெயராக்கக் கட்டளை கொடுத்தால், கோப்பில் எங்கோ இருக்கும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து சிதையும். தேசிங் என்பதைத் தேசிங்கு ஆக்கினால், ஏற்கெனவே சரியாக இருந்த தேசிங்குகள் எல்லாம் 'தேசிங்குகு' ஆகிவிடும். இதற்கு மருந்து, 'அடுத்து க வராத தேசிங்' என்று மட்டும் பிடிப்பது: எஸ்/தேசிங்\([^க]\)/தேசிங்கு\1/ஜி. அடைப்புக்குள் அகப்பட்ட எழுத்தை \1 திருப்பித் தரும். இந்த ஒரு வித்தையைக் கற்றவருக்குப் பாதி வேலை முடிந்தது.

ஔரங்கசீப் எடிட்டருக்குத் தனித் தலைவலி. எட்டாண்டு முற்றுகையிட்டு மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து செஞ்சியைப் பறித்தது அவர் படை. ஆகவே செஞ்சி வரலாற்றில் அவர் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வரும். தட்டச்சு செய்தவர்களில் பலர் ஔ என்ற ஓரெழுத்தைத் தேட முடியாமல் ஒ, ள என்று இரண்டு எழுத்தைத் தட்டியிருப்பார்கள்: ஒளரங்கசீப். அச்சில் வேறுபாடு சட்டென்று தெரியாது. தேடலில் ஆள் அகப்படவே மாட்டார். 'ஒள' இருக்குமிடமெல்லாம் 'ஔ' என்று போட்டால் என்ன? ஒளி, ஒளிந்து, ஒளிவுமறைவு எல்லாம் உருக்குலைந்து, ஔ-வின் தலையில் இகரக் குறி ஏறி நிற்கும். கெளதமன், மெளனம், கெளரவம் என்று ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ள-வும் போட்டவையும் இதே சாதி. அவற்றை மொத்தமாகத் திருத்தப்போனால் வெள்ளமும் தெளிவும் வெள்ளியும் பலியாகும். இங்கேயும் ள-வுக்குப் பின்னால் துணைக்குறி வராத இடத்தை மட்டும் தொடு என்ற நிபந்தனை பெரும்பாலும் காப்பாற்றும். பெரும்பாலும்தான்.

கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்று உண்டு. 'கொத்தளம்' என்ற சொல்லின் கொ-வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறிக்கு ஒரே குறியெண் போடலாம். அல்லது கொம்பும் காலுமாக இரண்டு குறியெண் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கிரெப் ஒன்றைக் கண்டால் மற்றதைக் காணாது. வேலையைத் தொடங்கும் முன் எல்லாக் கோப்பையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்கு யூகான்வ் போன்ற கருவிகள் உண்டு. ஸ்ரீ-யிலும் இப்படி இரண்டு எழுத்துமுறை புழங்குகிறது.

இரண்டு குறியெண் கொ எங்கிருந்து வந்தது? ஒரு வழி, பழைய குறியேற்றங்களிலிருந்து. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரமும் குமார் மல்லிகார்ஜுனனும் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகளில் உலகெங்கும் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தபோது யூனிகோடு இங்கே பரவியிருக்கவில்லை. டிஸ்கி போன்ற குறியேற்றங்களே புழங்கின. டிஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். செ என்றால் முதலில் கொம்பு, பிறகு ச. யூனிகோடில் ஒலிப்பு வரிசை: முதலில் ச, பிறகு கொம்பு. ஆகவே குறியெண்ணை மாற்றினால் மட்டும் போதாது. கொம்பையும் மெய்யையும் இடம் மாற்றவும் வேண்டும். இது செட்-க்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை. கொம்பு, ஏதேனும் ஒரு மெய், கால் என்று மூன்றும் வந்தால் மெய்யும் ஒகரக் குறியுமாக ஆக்கு. அதன்பின் எஞ்சியிருக்கும் கொம்பு-மெய் இணைகளை இடம் மாற்று. இந்த இரண்டு கட்டளைகளின் வரிசை முக்கியம். இரண்டாவதை முதலில் ஓட்டினால் கொ-வில் கொம்பு நகர்ந்துவிடும், கால் அப்படியே நிற்கும். விளைவு, பார்வைக்குச் சரியாக இருக்கும் அந்த இரண்டு குறியெண் கொ.

எண்களுக்கு செட்-இல் வேறொரு கட்டளை, ஒய். எழுத்துக்கு எழுத்து பதிலீடு செய்வது. ஒய்/௦௧௨௩௪௫௬௭௮௯/0123456789/ என்றால் தமிழ் இலக்கங்களெல்லாம் ஒரே வீச்சில் மாறும். ௧௬௭௭ என்று எழுதியிருந்தால் 1677 வந்துவிடும். பழைய ஏட்டு முறையில் ௲௬௱௭௰௭ என்று ஆயிரம், நூறு, பத்துக் குறியோடு எழுதியிருந்தால் இந்தக் கட்டளை கையை விரித்துவிடும்; அதற்குக் கணக்குப் போடத் தெரிந்த நிரல் வேண்டும். தட்டச்சில் க-வும் ௧-உம் இடம் மாறிக் கிடக்கும் கோப்புகள் தனிக் கதை.

இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா?

எட்-ஐ நேரடியாகத் திறந்து எழுதுபவர்கள் இன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். பல லினக்ஸ் வகைகளில் அதைத் தனியாக நிறுவ வேண்டும். அதன் பிள்ளைகளோ எங்கும் இருக்கின்றன. பில் ஜாய் எட்-ஐ விரித்து எக்ஸ் என்று ஆக்கினார். எக்ஸின் திரைமுகமே விஐ. அதன் வழியில் 1991இல் பிராம் மூலேனார் வெளியிட்டது விம். இன்று விம்மில் முக்காற்புள்ளியைத் தட்டியதும் கீழே வரும் கட்டளை வரி, எட்-இன் இலக்கணத்தையே பேசுகிறது. தேபியன் லினக்ஸில் செட்டும் கிரெப்பும் நீக்கவே கூடாத அடிப்படைத் தொகுப்புகள். தேபியன் தன் மென்பொருள் பட்டியலில் நேற்றுக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டை அனுப்பும்போது அதை எட் கட்டளைகளின் வடிவில்தான் அனுப்புகிறது: இந்த வரியை அழி, அந்த வரிக்குப் பின் இதைச் சேர். முழுப் பட்டியலையும் இறக்காமல் வேறுபாட்டை மட்டும் இறக்கினால் இணையச் செலவு மிச்சம்.

கட்டளைக்கு இத்தனை வலு இருப்பதில் ஆபத்தும் இருக்கிறது. எட்-இல் ஆச்சரியக்குறி போட்டால் வெளியே உள்ள எந்த நிரலையும் ஓட்டலாம். 2018இல் பேட்ச் என்ற நிரலில் இதனால் ஒரு பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது: யாரோ அனுப்பிய திருத்தக் கோப்பில் எட் கட்டளைபோல் ஒளித்துவைத்த வரி, வாங்கியவரின் கணினியிலேயே ஓடிவிடும். பிறர் தந்த கட்டளைக் கோப்பைப் படித்துப் பார்க்காமல் ஓட்டக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

செஞ்சி வட்டாரத்துக்கும் இந்தக் கருவிகளுக்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது. 2011இல் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி தரத் தொடங்கியபோது அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய, தேபியனை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம் அது. அதாவது கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களின் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோன பெட்டிக்குள் செட், கிரெப் எல்லாம் இருந்தன. எத்தனை பேர் அந்தக் கருப்பு டெர்மினலைத் திறந்தார்கள் என்பது வேறு விஷயம். மாவட்டத் தலைநகரில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகக் கட்டற்ற மென்பொருள் பயிற்சி அளித்துவருகிறது. கணியம் மின்னிதழும் அதைச் சேர்ந்தவர்களும் லினக்ஸ் பாடங்களைத் தமிழிலேயே எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான நித்யா 'எளிய தமிழில்' என்ற வரிசையில் நூல்கள் எழுதியிருக்கிறார். ஆள் இருக்கிறார்கள், நூல் இருக்கிறது. குறை எங்கே என்றால், பயிற்சிக்கு எடுக்கும் கோப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கிலக் கோப்பில் மேலே சொன்ன எந்தக் கண்ணியும் கிடையாது. ஆங்கிலத்தில் பழகியவர் தமிழுக்கு வந்ததும் குளிர் ஏன் குளத்தில் விழுந்தது என்று திகைத்து நிற்கிறார்.

குறியேற்றத்தையே மாற்றிவிட்டால் தொல்லை தீரும் என்று ஒரு தரப்பு வெகுநாளாகச் சொல்லிவருகிறது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்ற டேஸ்-16 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியெண் உண்டு. அதில் செஞ்சி மூன்றே குறியெண்; புள்ளி போட்டால் ஓர் எழுத்து முழுதாக அகப்படும்; குளிர் குளத்தோடு கலக்காது. உரையை அலசுவோருக்கு இது உண்மையிலேயே வசதியானது. ஆனால் உலகில் உள்ள தமிழ் உரையில் பெரும்பகுதி யூனிகோடில் குவிந்துவிட்டது. தேடுபொறி, கைப்பேசி, மின்னூல் எல்லாம் அதன்மேல் ஓடுகின்றன. ஆகவே அந்த வாதம் சரியானதாக இருந்தும் காலம் கடந்தது. நடைமுறைக்கு உகந்தது முத்து அண்ணாமலை முன்னின்று உருவாக்கிய ஓப்பன்-தமிழ் பைத்தான் நூலகம் போன்றவை. செஞ்சியைக் கொடுத்தால் செ, ஞ், சி என்று எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். எழுத்தெண்ணிக்கை, அசை, யாப்பு என்று வந்தால் செட்-ஐ விட்டு அங்கே போய்விட வேண்டும்.

மற்றபடி, ஊர்ப்பெயர் சீராக்குவது, தட்டச்சுப் பிழை களைவது, வெற்று வரி நீக்குவது, வேண்டிய வரியைப் பொறுக்குவது ஆகிய அன்றாட வேலைகளில் இந்தப் பழைய கட்டளைகளை விஞ்ச எதுவும் வரவில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கோப்பைக் கொடுத்துத் திருத்தச் சொல்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அது கேட்காத இடத்தையும் அழகுபடுத்திவிடக்கூடும். எங்கே கைவைத்தது என்று வரி வரியாக ஒப்பிட்டால்தான் தெரியும். எஸ் கட்டளை சொன்னதை மட்டும் செய்யும். தவறு நேர்ந்தாலும் ஒரே மாதிரித் தவறு. கண்டுபிடித்தால் ஒரே கட்டளையில் திருத்தலாம். பழைய உரைகளைக் கையாளும் பதிப்பாளருக்கு இந்த உறுதி பெரிய விஷயம்.

ஆகவே கற்க வேண்டுமா என்ற கேள்விக்கு விடை இதுதான். எட்-இல் ஒரு மணி நேரம் போதும்; முகவரி, எஸ், ஜி மூன்றும் கைவந்ததும் செட்-க்கும் கிரெப்புக்கும் போய்விடலாம். கோப்புகளின் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். எந்த மாற்றத்தையும் ஓட்டுமுன் அதே வாய்பாட்டைப் பி-யோடு ஓட்டி, எந்தெந்த வரி அகப்படுகிறது என்று கண்ணால் பாருங்கள். செஞ்சிலுவை அங்கே தலைகாட்டினால் கையை எடுத்துவிடுங்கள். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் கணினி கற்பிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த வகுப்பில் பயிற்சிக் கோப்பை ஆங்கிலத்தில் கொடுக்காமல், தேசிங்கும் ஔரங்கசீப்பும் குளங்களும் நிறைந்த செஞ்சி வரலாற்றின் இரண்டு பக்கத்தைத் தமிழில் கொடுங்கள்.